பற்சில்லுப் பெட்டியின் மூளை: பழுதறிதலும் மாற்றீடும்

வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வாழ்வோர் நாள்தோறுங் காணுங் காட்சி ஒன்றுண்டு. தெகிவளைப் பக்கமிருந்தும் பம்பலப்பிட்டிப் பக்கமிருந்தும் வாகனங்கள் நெருங்கி வந்து, பத்தடி நகர்ந்து நின்று, மீண்டும் பத்தடி நகர்கின்றன. முன்னாளில் இத்தகைய நெரிசலிற் சாரதியின் இடக்கால் கிளச்சின் மீதும் இடக்கை கியர்த்தண்டின் மீதும் ஓயாது உழைத்தல் வேண்டும். இக்காலத்திலோ பல வாகனங்களிற் கியர் மாற்றுவோர் எவருமிலர். வாகனமே தன் தேவையை அறிந்து தானே மாற்றிக்கொள்கின்றது. எப்பொழுது மாற்றவேண்டும், எவ்வளவு மென்மையாக மாற்றவேண்டும் என்று ஆணையிடுவது உள்ளங்கையளவான ஒரு சிறு பெட்டியாகும். அதனைப் பற்சில்லுப் பெட்டியின் கட்டுப்பாட்டுக் கருவி என்று கூறலாம், திருத்துமிடங்களில் ‘ரீ.சி.எம்.’ என்பர்.

இக்கருவி பழுதுற்றால் நிகழ்வது யாது? பழுதுற்றது இதுதான் என்று துணிவது எங்ஙனம்? துணிந்தபின் இதனை மாற்றும் முறை யாது? இவ்வினாக்களுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். இவை பொறிவல்லார்க்கு மட்டும் உரிய வினாக்கள் என்று கருதுதல் தவறு. நம் நாட்டில் ஒரு குடும்பம் வாகனமொன்றை வாங்குவது பல்லாண்டுச் சேமிப்பினால் ஆகும். அவ்வாகனத்தின் நோயைத் தவறாகக் கணித்தலால் அச்சேமிப்பின் பெரும்பகுதி ஒரே நாளில் அழிந்துபோகக் கூடும். அவ்வாறு அழிய இருந்த ஒன்று அழியாது காக்கப்பட்டமையை யான் நேரிற் கண்டேன். அதனையும் ஈண்டுக் கூறுவேன்.

பற்சில்லுகளின் பணி

இயந்திரம் எல்லா வேகங்களிலும் ஒரேயளவான முறுக்கு விசையைத் தருவதன்று. மிக மெதுவாகச் சுழலும்போது அதன் வலு சிறிது. நின்ற வாகனத்தை நகர்த்துதற்கோ பெரிய விசை வேண்டும். ஆகவே, வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குதற்கும், பின்னர் விசையைக் குறைத்து வேகத்தைப் பெருக்குதற்கும் இயந்திரத்துக்குஞ் சில்லுகளுக்கும் இடையே பற்சில்லுகள் வைக்கப்பட்டன.

தானியங்கிப் பெட்டிகளுட் பெரும்பான்மையானவற்றில் உள்ளது கோட்பற்சில்லுத் தொகுதியாகும். நடுவே ஞாயிறுபோல ஒரு பற்சில்லு. அதனைச் சுற்றிக் கோள்கள் போலச் சில பற்சில்லுகள். அவற்றைத் தாங்குஞ் சட்டம் ஒன்று. யாவற்றையும் வளைத்து உட்புறம் பற்கள் கொண்ட வளையம் ஒன்று. இதன் சிறப்பு யாதெனின், பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமலே, எவ்வுறுப்பை அசையாது பிடிக்கின்றோம் என்பதைப் பொறுத்து வேகவிகிதம் மாறுவதாகும். நடுப்பற்சில்லுக்கு 30 பற்களும் வளையத்துக்கு 70 பற்களும் உள எனக் கொள்வோம். வளையத்தைப் பிடித்து நடுப்பற்சில்லைச் சுழற்றினால், சட்டம் ஒருமுறை சுழல்வதற்கு நடுப்பற்சில்லு 3.33 முறை சுழலவேண்டும். நடுப்பற்சில்லைப் பிடித்து வளையத்தைச் சுழற்றினால், சட்டம் ஒருமுறை சுழல வளையம் 1.43 முறை சுழன்றாற் போதும். இரண்டு உறுப்புக்களை ஒன்றாகப் பிணைத்துவிட்டால் முழுத் தொகுதியும் ஒரேயுருவாய்ச் சுழலும். விகிதம் 1 ஆகும். இவ்வாறு பிடித்தலையும் பிணைத்தலையுஞ் செய்வன ஒயில் அழுத்தத்தால் இயங்குங் கிளச்சுத் தட்டுக்களும் பட்டிகளுமாம்.

ஆயின் எதனை எப்பொழுது பிடிப்பது என்று தீர்மானிப்பது யார்? இவ்வினாவின் வரலாறே கட்டுப்பாட்டுக் கருவியின் வரலாறு எனலாம்.

திரவத்தின் அறிவும் மின்னின் அறிவும்

திரவத்தின் வழியே சுழற்சியைக் கடத்தும் முறைக்கு 1905ஆம் ஆண்டில் உரிமம் பெற்றவர் செர்மனியரான ஹேர்மன் பொற்றிங்கர் என்பவர். அவர் கருதியது கப்பல்களின் பயன்பாட்டை. மோட்டார் வண்டிகளுக்கென ஏராளமாக உற்பத்தி செய்யப்பட்ட முதலாவது தானியங்கிப் பெட்டி, ஜெனரல் மோட்டேர்ஸ் நிறுவனத்தின் ‘ஹைட்ரமற்றிக்’ ஆகும். அது 1939ஆம் ஆண்டிலே அறிமுகஞ் செய்யப்பட்டது.

அக்காலப் பெட்டிகளில் மின்னறிவு இல்லை. திரவத்தின் அறிவே இருந்தது. வாகனத்தின் வேகத்துக்கேற்ப உயரும் ஒயில் அழுத்தம் ஒரு வால்வின் ஒருபுறத்தைத் தள்ளும். சாரதி கால்மிதியை அழுத்துந்தோறும் உயரும் மற்றோர் அழுத்தம் அதே வால்வின் மறுபுறத்தைத் தள்ளும். வேகத்தின் பக்கம் வென்றால் உயர்ந்த கியர். மிதியின் பக்கம் வென்றால் தாழ்ந்த கியர். துலாக்கோலின் இரு தட்டுக்கள் போன்ற அமைப்பு இது. எளிமையும் உறுதியும் வாய்ந்ததாயினும், ஏற்றத்தையும் இறக்கத்தையும் குளிரையும் வெப்பத்தையும் நுணுகி அறியும் ஆற்றல் இதற்கில்லை.

1980களில் மின்னியற் கட்டுப்பாடு பரவலாயிற்று. வால்வுகளைத் தள்ளும் பணியை வரிச்சுருள்கள் ஏற்றன. அவ்வரிச்சுருள்களுக்கு மின்னை அனுப்புவதும் நிறுத்துவதும் ஒரு சிறு கணனியின் கடமையாயிற்று. அக்கணனியே நம் கட்டுப்பாட்டுக் கருவி. உள்ளே வரும் அச்சின் வேகம், வெளியே செல்லும் அச்சின் வேகம், ஒயிலின் வெப்பநிலை, கால்மிதியின் நிலை, கியர்த்தண்டின் நிலை ஆகியவற்றை உணரிகள் வாயிலாக அது அறிகின்றது. நினைவிற் பதித்துள்ள அட்டவணையோடு அவற்றை ஒப்பிட்டு ஆணை பிறப்பிக்கின்றது. அன்றியும், கிளச்சுத் தட்டுக்கள் தேயுந்தோறும் பிடிப்பதற்கு வேண்டிய அழுத்தமும் நேரமும் மாறுவதைக் கண்டு தன் ஆணைகளைத் தானே திருத்திக்கொள்கின்றது. இப்பழக்க அறிவைப் பின்னரும் நினைவிற் கொள்ளல் வேண்டும். மாற்றீட்டின்போது இதற்குப் பெரும் பங்குண்டு.

வாகனத்திலுள்ள கணனிகள் பலவும் தம்முள் உரையாடுதற்கு ஒரு பொதுவழி வேண்டும். செர்மனியின் பொஷ் நிறுவனம் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கான்’ முறை அதற்குதவிற்று. முறுக்கிய இரு கம்பிகளின் வழியே எல்லாக் கணனிகளும் பேசுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் விற்பனையான பயணிகள் வண்டிகள் யாவற்றிலும், பழுதுகளைப் பொதுக் குறியீடுகளால் அறிவிக்கும் ஓ.பி.டி. இரண்டு என்னும் முறை கட்டாயமாயிற்று. இன்று சாரதியின் முழங்காலுக்கு மேலே காணப்படும் 16 முனைச் செருகி அதன் விளைவே.

நோயின் குறிகள்

கட்டுப்பாட்டுக் கருவி தன் கடமையைச் செய்ய இயலாதபோது, வரிச்சுருள்களுக்கு மின் செல்வது நின்றுவிடும். அப்பொழுதும் வாகனம் முற்றாக நின்றுவிடாதபடி பொறிவல்லார் ஓர் ஏற்பாடு செய்துள்ளனர். மின்னில்லாத நிலையில் ஒயில், தானே ஒரு குறித்த கியரைப் பிடிக்கும்; பல பெட்டிகளில் அது மூன்றாவது கியர் போன்ற இடைப்பட்ட ஒன்றாக இருக்கும். வாகனம் மெதுவாக வீடு சேரும், விரைந்து செல்லாது. இதனை நொண்டிநிலை எனலாம். இதனோடு கியர்விளக்கு மின்னுதல், கியர் மாறுகையில் அடித்தாற்போற் குலுங்குதல், நின்ற நிலையிலிருந்து புறப்படத் தயங்குதல் ஆகியனவுங் காணப்படும்.

ஆனால், இக்குறிகள் யாவும் பிறிதொரு நோயினாலும் உண்டாகக் கூடியன. பற்றரி வலுவிழந்தாலும், கம்பியொன்று அறுந்தாலும், வரிச்சுருள் ஒன்று எரிந்தாலும், ஒயில் குறைந்தாலும், கிளச்சுத் தட்டுக்கள் தேய்ந்தாலும் இவையே தோன்றும். மறுதலையாக, மூளையின் நோய் உடலின் நோய்போலத் தோன்றுவதும் உண்டு. 2001 முதல் 2003 வரையான ரொயோற்றா ‘ராவ் 4’ வாகனங்களின் கதை இதற்குத் தக்க சான்று. அவற்றில் இயந்திரத்தையும் தானியங்கிப் பெட்டியையும் ஒரே கணனி ஆண்டது. அக்கணனியின் பழுதினாற் கியர்கள் கடுமையாகக் குலுங்கி மாறின. குலுங்கியது பற்சில்லுப் பெட்டி, குற்றம் கணனியினது. 2006ஆம் ஆண்டில் நிறுவனம் இதுபற்றித் திருத்துமிடங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பிற்று.

கருவி நன்றாயிருந்தும் அதனுள் எழுதப்பட்ட கட்டளைத்தொகுதி பிழையாயிருத்தலும் உண்டு. 2014ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஹொண்டா நிறுவனம் யப்பானிலே ‘பிற்’, ‘வெசெல்’ ஆகிய கலப்பியக்க வாகனங்கள் 81 ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை மீள அழைத்தது. இரட்டைக் கிளச்சுப் பெட்டியின் கட்டுப்பாட்டுக் கட்டளைகளிற் குறை இருந்தமையே காரணம். அங்கே வேண்டியிருந்தது புதிய கருவியன்று. கட்டளைகளைத் திருத்தி எழுதுதலே. கொழும்பு வீதிகளில் ‘வெசெல்’ ஓடுவதைக் காணாத நாள் அரிதாகலின், இச்செய்தி நமக்கும் உரியது.

ஆகவே நோய் எது, அதன் மூலம் எது, தணிக்கும் வழி எது என்று முறையே ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயற்பட வேண்டும் என்று வள்ளுவர் வகுத்த ஒழுங்கு பொறியியலுக்கும் பொருந்தும்.

ஓர் அயலவரின் வாகனம்

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது இது. எங்கள் ஒழுங்கையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் பழைய ஜீப் வண்டியொன்று இருந்தது. அவருடைய மனைவியார் வாரம் இருமுறை சிறுநீரகச் சிகிச்சைக்குச் செல்லவேண்டியவர். காலையிற் புறப்படும்போது வாகனம் நன்றாக ஓடும். அரைமணி நேரம் கழிந்து வெயிலும் நெரிசலுஞ் சேர்ந்தவுடன் ஒரே கியரிற் சிக்கிக்கொள்ளும், ஏற்றமாயின் திணறும். நிறுத்திச் சற்று ஆறவிட்டால் மீண்டும் நலமடையும். ஒருநாட் சிகிச்சை முடிந்து திரும்புகையில், நோயாளியைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு வீதியோரத்தில் முக்கால் மணி நேரங் காத்திருக்க நேர்ந்தது.

ஒரு திருத்துமிடத்தார் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, முழுப் பற்சில்லுப் பெட்டியையும் மாற்றவேண்டும் என்றனர். மற்றொரு திருத்துமிடத்தார் கருவியைச் செருகி ஒரு குறியீட்டைப் படித்துவிட்டு, ரீ.சி.எம். போய்விட்டது என்றனர். இருவரும் அளவீடு எதுவுஞ் செய்திலர். வாகனத்தை விற்றுவிட்டு வேறொன்று வாங்குதலும் அக்காலத்தில் இயலாதிருந்தது. 2020ஆம் ஆண்டு பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வண்டிகளுக்கு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மீண்டுந் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வாகனங்களின் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. ஆசிரியர் தம் நிலையான வைப்புப் பணத்தை உடைத்துப் பெட்டி வாங்குதற்கு ஆயத்தமாயினார்.

அப்பொழுது கொட்டாஞ்சேனையிலே தொழில் செய்யும் வாகன மின்திருத்துநர் ஒருவரை யான் அழைத்து வந்தேன். அவர் முதலிற் கூறியது இது: “சேர், பெட்டியைக் குறை சொல்ல முன்னம், பெட்டிக்கு வாற கறன்ரைப் பார்ப்பம்.” பின்னர் அவர் செய்தவற்றை ஒழுங்காகக் கூறுவேன்.

சோதனையின் ஒழுங்கு

முதலாவது, ஒயில். அளவு சரியாயிருந்தது, நிறம் கருகவில்லை, எரிந்த மணமில்லை. கிளச்சுத் தட்டுக்கள் கருகிய பெட்டியாயின் ஒயில் அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே முழுப் பெட்டியும் பழுது என்ற தீர்ப்பு முதற் சோதனையிலேயே ஐயத்துக்குரியதாயிற்று.

இரண்டாவது, குறியீடுகள். இயந்திரக் கணனியிற் பி 0700 என்னுங் குறியீடு இருந்தது. இரண்டாம் திருத்துமிடத்தார் கண்டு தீர்ப்பு வழங்கியது இதனையே. ஆனால் இதன் பொருள் கட்டுப்பாட்டுக் கருவி பழுது என்பதன்று. ‘பற்சில்லுப் பெட்டியின் பக்கத்தில் ஏதோ குறையுண்டு, அதனிடமே சென்று கேட்க’ என்பதே பொருள். வாயிற்காவலன் உள்ளே ஏதோ சத்தங் கேட்கின்றது என்று கூறினால், அதனைக் கொண்டு உள்ளிருப்போரைக் குற்றவாளி எனல் ஆகாது. குளிர்ந்த நிலையிற் கட்டுப்பாட்டுக் கருவியையே கேட்டபோது, அது பி 0562 என்று விடை கூறிற்று. அஃதாவது, தனக்கு வந்த மின்னழுத்தம் குறைவு என்பது அதன் முறைப்பாடு.

மூன்றாவது, மின்வழங்கல். பற்றரி ஓய்வு நிலையில் 12.6 வோல்ற்று காட்டிற்று. இயந்திரம் ஓடும்போது 14.1 காட்டிற்று. இரண்டும் நன்று. பின்னர், விளக்குகளையும் குளிரூட்டியையும் இயக்கி, பற்றரியின் எதிர்முனைக்கும் பெட்டியின் உலோக உடலுக்கும் இடையிலே அளந்தபோது 0.8 வோல்ற்று வீழ்ச்சி காணப்பட்டது. அங்கே 0.1 வோல்ற்றுக்கு மேல் இருத்தல் தகாது. காரணமும் கண்ணுக்குத் தெரிந்தது. புவித்தொடுப்புப் பட்டியின் முனை, வெள்ளவத்தைக் கடற்காற்றின் உப்பினாற் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கியபின் வீழ்ச்சி 0.04 ஆயிற்று.

பல வாகனங்களின் கதை இவ்விடத்தில் முடிந்துவிடும். துருப்பிடித்த ஒரு பட்டியின் பொருட்டுப் புத்தம்புதிய கருவிகள் வாங்கப்படுவதும், பழைய பட்டி அப்படியே இருத்தலாற் புதியதும் ‘பழுது’ என்று தள்ளப்படுவதும் உண்டு. இவ்வாகனத்திலோ குறை பாதியே தீர்ந்தது. மின்னழுத்தக் குறியீடு மீண்டும் வந்திலது. ஆனால் நான்காம் நாள் நண்பகலில் வாகனம் மறுபடியும் நொண்டிற்று. இம்முறை இயந்திரக் கணனி பதிந்திருந்தது யூ 0101 என்னுங் குறியீடு. ‘கட்டுப்பாட்டுக் கருவியோடு தொடர்பு அற்றுப்போயிற்று’ என்பது இதன் பொருள்.

நான்காவது, பேசும் வழி. பற்றரியைக் கழற்றிவிட்டு, 16 முனைச் செருகியில் 6ஆம் முனைக்கும் 14ஆம் முனைக்கும் இடையே தடையை அளந்தனர். 60 ஓம் காட்டிற்று. ‘கான்’ கம்பிகளின் இரு முடிவிலும் 120 ஓம் கொண்ட தடைகள் இருத்தலின், இரண்டும் பக்கம்பக்கமாக இணைந்து 60 ஆதல் வேண்டும். 120 காட்டின் ஒரு முடிவு அறுந்தது எனலாம். பூச்சியத்தை அணுகின் கம்பிகள் ஒட்டிக்கொண்டன எனலாம். இங்கே வழி நலமாயிருந்தது.

ஐந்தாவது, வரிச்சுருள்கள். திறந்து மூடும் வகையினவற்றின் தடை பொதுவாக 11 முதல் 15 ஓம் வரை இருக்கும். அழுத்தத்தைச் சீராக்கும் வகைக்கு ஏறத்தாழ 5 ஓம். சரியான அளவை அவ்வவ் வாகனத்தின் கைந்நூலிற் காணலாம். இவ்வாகனத்தில் எல்லாம் எல்லைக்குள் இருந்தன. இச்சோதனையை ஒருபோதுந் தவிர்த்தலாகாது. வரிச்சுருள் ஒன்று குறுஞ்சுற்றாகியிருப்பின், அதுவே பழைய கருவியை எரித்திருக்கும், புதியதையும் எரித்துவிடும்.

ஆறாவது, தீர்க்கமான சோதனை. இவ்வாகனத்திற் கருவி முன்னிருக்கையின் அருகே கம்பளத்தின்கீழ் இருந்தது. அதனை இணைப்போடு வெளியே எடுத்து, கூந்தல் உலர்த்தும் விசிறியால் மெல்லச் சூடேற்றினர். சில நிமிடங்களில் தொடர்பு அற்றது. அக்கணத்திலேயே கருவியின் செருகியில் அளந்தபோது 13.9 வோல்ற்று வந்துகொண்டிருந்தது, புவித்தொடுப்பும் நலமாயிருந்தது. ஆறவிட்டனர், தொடர்பு மீண்டது. மூன்று முறை செய்தும் முடிவு மாறவில்லை. உணவும் நீரும் தவறாது வந்துகொண்டிருக்க, வாய்மட்டும் பேசாதிருந்தால் நோய் அவனிடத்தே உள்ளது எனல் தெளிவு. இப்பொழுதுதான் கருவியே குற்றவாளி என்று அவர் துணிந்தார்.

இரண்டாம் திருத்துமிடத்தாரும் இதனைத்தானே கூறினர் என்று மாணவர் வினவலாம். கூறினர், ஆனால் அறிந்து கூறவில்லை. அவர் சொற்படி அன்றே கருவியை மாற்றியிருந்தால், துருப்பிடித்த புவித்தொடுப்பு அப்படியே இருந்திருக்கும். புதிய கருவியும் அதே மின்னழுத்தக் குறையால் தடுமாறியிருக்கும். ஊகம் ஒருமுறை உண்மையோடு ஒத்துப்போதலால் ஊகம் அறிவாகிவிடாது.

களனியின் வெள்ளம்

கருவியைத் திறந்தபோது காரணம் வெளியாயிற்று. சுற்றுத்தகட்டின் ஒரு மூலையிற் சேற்றுநிறக் கறையும் பச்சைப் பூப்பும் இருந்தன. ஆசிரியரை வினவியதில், வாகனத்தின் முன்னைய உரிமையாளர் கொலன்னாவைப் பக்கத்தில் வாழ்ந்தவர் என்பது தெரிந்தது. 2016ஆம் ஆண்டு வைகாசியிற் பெருமழையாற் களனி ஆறு கரைபுரண்டு, கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலை முதலிய இடங்கள் நீரில் மூழ்கின. அந்நாளில் இவ்வாகனத்தின் கம்பளம் நனைந்திருத்தல் வேண்டும்.

நீர் வற்றிவிட்டால் தீங்கும் வற்றிவிடும் என்பது பொதுமக்களின் எண்ணம். அது பொருந்தாது. வெள்ளநீர் விட்டுச்செல்லும் உப்பும் சேறும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவன. மின்னோட்டம் உள்ள தகட்டில் அவ்வீரம் மின்பகுபொருளாகிச் செப்புக் கோடுகளை மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். பற்றாசு வலுவிழந்து மயிரிழைபோல வெடிக்கும். தகடும் அதன்மீதுள்ள பீங்கான் உறுப்புக்களும் வெப்பத்தில் வெவ்வேறு அளவாக விரிதலால், சூடேறும்போது அவ்வெடிப்பு வாய்திறக்கும்; குளிரும்போது மூடிக்கொள்ளும். காலையில் நலமும் நண்பகலில் நோயுமாக வாகனம் நடித்தமைக்கு இதுவே விளக்கம். பற்றாசு மட்டும் வெடித்திருப்பின் மீண்டும் பற்றவைத்துத் திருத்தியிருக்கலாம். செப்புக் கோடுகளே அரிக்கப்பட்டிருந்தமையால் மாற்றுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

மாற்றீடு

புதிய கருவியைத் தருவித்தல் அந்நாளில் நெடுங்காலமும் பெரும் பொருளும் வேண்டிய செயல். எனவே உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தைக்குச் சென்றோம். வடிவம், நிறம், செருகி யாவும் ஒத்த கருவியொன்றை வியாபாரி எடுத்துத் தந்தார். ஆனால் ஒட்டியிருந்த சீட்டின் இலக்கத்தில் இறுதி எழுத்து வேறாயிருந்தது. மின்திருத்துநர் அதனை வாங்க மறுத்தார். ஒரே வாகனத்துக்கே இயந்திரத்தின் அளவு, இயக்கும் சில்லுகளின் தொகை, விற்பனையான நாடு ஆகியவற்றுக்கேற்பக் கட்டளைத்தொகுதி வேறுபடும்; அவ்வேறுபாட்டைக் காட்டுவது அச்சிறு எழுத்தே. மூன்றாவது கடையில் இலக்கம் முழுவதும் ஒத்த ஒன்று கிடைத்தது. அதன் மூடியின் விளிம்பையும் செருகியின் ஊசிகளையும் உருப்பெருக்கியால் நோக்கி, நீர்பட்ட அடையாளம் இல்லை எனக் கண்டபின்னரே வாங்கினோம். வெள்ளம் கண்ட வாகனத்தின் கருவிக்கு மாற்றாக வெள்ளம் கண்ட மற்றொன்றை வாங்குவதிற் பயனில்லை.

பொருத்துதல் ஒருமணி நேர வேலைதான். ஆயினும் ஒழுங்கு தவறலாகாது. சாவியை எடுத்து, பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும். மின்தேக்கிகளில் எஞ்சிய மின் அடங்குதற்கு அக்காலம் போதும். உடலிலுள்ள நிலைமின் கருவியைக் கெடுக்கும் ஆதலின், உலோகத்தைத் தொட்டு அதனை நீக்கியபின் தொடுதல் நன்று. செருகிகளைக் கம்பியைப் பிடித்து இழுத்தலாகாது. பூட்டை அழுத்திச் செருகியையே பிடித்தல் வேண்டும். ஊசிகள் வளையாமலும் பச்சை பூக்காமலும் இருத்தலைக் கண்டு பொருத்துதல் வேண்டும். இங்கே கம்பளத்தின்கீழ் எஞ்சியிருந்த ஈரப்பஞ்சையும் அகற்றி, கருவியைச் சற்று உயர்த்திப் பொருத்தினர்.

பொருத்தியவுடன் வேலை முடிந்தது என்று கருதுவோர் பலர். உண்மையில் அரைவாசியே முடிந்தது. கருவி தான் இருக்கும் வாகனத்தை அறியவேண்டும். அதற்காக அடிச்சட்ட இலக்கத்தை அதனுள் எழுதுதல் பல வாகனங்களில் தேவை. அதற்குச் சாதாரண வாசிப்புக் கருவி போதாது. அவ்வாகன வகைக்குரிய நிரலோடு கூடியது வேண்டும். அடுத்து, பழைய வாகனத்திலே கருவி கற்றுவைத்த பழக்க அறிவை அழித்தல் வேண்டும். வேறொரு பெட்டியின் தேய்மானத்துக்கேற்ற அழுத்தத்தை இப்பெட்டிக்குக் கொடுத்தாற் குலுக்கலும் வழுக்கலும் நேரும். அழித்தபின் புதிதாகக் கற்பித்தல் வேண்டும். ஒயில் உரிய வெப்பநிலையை அடைந்தபின், மென்மையான மிதியோடு எல்லாக் கியர்களும் ஏறியிறங்கும்படி பன்முறை ஓட்டி, இடையிடையே முற்றாக நிறுத்துதலே அக்கற்பிப்பு. அதிகாலையில் நெரிசலற்ற கடற்கரை வீதியில் இதனைச் செய்தோம். முதல் ஓட்டத்திற் சிறு குலுக்கல்கள் இருந்தன. மூன்றாம் நாளில் அவையும் மறைந்தன. ஈற்றில் குறியீடுகளை அழித்து, ஒருவாரம் நண்பகல் வெயிலில் ஓட்டி, மீண்டும் படித்தனர். எதுவும் பதியப்பட்டிருக்கவில்லை.

முதலாவது திருத்துமிடத்தார் தள்ளிவிடச் சொன்ன பற்சில்லுப் பெட்டி இன்றும் அவ்வாகனத்திலே உழைக்கின்றது. வைப்புப் பணம் உடைபடவில்லை. அது பின்னர் மனைவியாரின் சிகிச்சைக்கே உதவிற்று. செலவு யாதெனின், பழைய கருவியொன்றின் விலையும் இரு நாட் கூலியுமே.

மாணவர்க்கு ஒரு சொல்

ஆசிரியர் பழுதுற்ற கருவியை எறிந்துவிடவில்லை. தம்மிடம் பௌதிகவியல் கற்கவந்த அயற்சிறுவர்க்கு அதனைத் திறந்து காட்டினார். தடைகளைப் பக்கம்பக்கமாக இணைத்தால் யாது நிகழும் என்பதையும், உலோகங்கள் வெப்பத்தில் விரிவதையும், செம்பு உப்பீரத்தில் அரிக்கப்படுவதையும் அவர்கள் பாடநூலிற் படித்திருந்தனர். அம்மூன்றும் ஒரு நோயாளியின் பயணத்தோடு தொடர்புடையன என்பதை அன்றுதான் உணர்ந்தனர் என அவர் என்னிடம் கூறினார்.

கடலுப்பும் ஆற்றுவெள்ளமும் நம் தலைநகரின் இயல்புகள். பழைய வாகனத்தை நெடுங்காலம் பேணுதல் நம் பொருளாதாரத்தின் நிலை. ஆகவே இத்தகைய பழுதுகள் நமக்குப் புறத்தே உள்ளவையல்ல. வாகனம் வாங்குவோர் கம்பளத்தைத் தூக்கிச் சேற்றுக்கறை உண்டா எனப் பார்க்கட்டும். கடலோரத்தில் வாழ்வோர் ஆண்டுக்கொருமுறையேனும் புவித்தொடுப்புக்களைத் துப்புரவு செய்யட்டும். பாகம் மாற்றவேண்டும் என்று எவர் கூறினும், ‘எதனை அளந்து அவ்வாறு கூறுகின்றீர்?’ என்று பணிவோடு வினவட்டும். விடை ஓர் எண்ணாக வருமாயின் நம்பலாம். எண் வாராவிடின், பணப்பையைத் திறக்குமுன் இன்னொருவரிடம் காட்டுதல் நன்று.